கிணற்றுக்கு ஏற்ற ஆயில் என்ஜின்: தேர்வும் பராமரிப்பும்

மின் இணைப்பு கிடைக்காத தோட்டங்களிலும், வாய்க்காலிலிருந்து நீர் இறைக்க வேண்டிய வயல்களிலும் இன்றும் ஆயில் என்ஜின்தான் துணை. என்ஜின் வாங்கும் செலவு ஒரு முறைதான். டீசல் செலவோ இறைக்கும் ஒவ்வொரு மணிக்கும் உண்டு. ஆகவே விலை மலிவான என்ஜினைவிட, கிணற்றுக்குப் பொருத்தமான என்ஜினே சிறு விவசாயிக்கு லாபம் தரும்.

எத்தனை குதிரைத்திறன் தேவை?

பக்கத்துத் தோட்டத்தில் 5 குதிரைத்திறன் என்ஜின் ஓடுகிறது என்பதற்காக அதையே வாங்கக் கூடாது. நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பதை, நீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரத்தால் (மீட்டர் கணக்கில்) பெருக்கி 75-ஆல் வகுக்க வேண்டும். இதுவே நீரை ஏற்றத் தேவைப்படும் குதிரைத்திறன்.

உதாரணமாக, கோடையில் நீர்மட்டம் பம்புக்குக் கீழே 5 மீட்டர், அதாவது சுமார் 16 அடி. நீர் விழும் தொட்டி பம்புக்கு மேலே 3 மீட்டர். குழாயில் ஏற்படும் உராய்வுக்கு 2 மீட்டர். மொத்தம் 10 மீட்டர். நொடிக்கு 10 லிட்டர் வேண்டுமானால் 10-ஐ 10-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க 1.33 வரும். பம்பு தான் பெறும் சக்தியில் 60 சதவீதத்தையே நீருக்குக் கொடுப்பதாகக் கொண்டால், 2.2 குதிரைத்திறன் தேவை. பெல்ட் இழப்புக்கும் சேர்த்துப் பார்த்தால் 3 குதிரைத்திறன் என்ஜினே போதும்.

நொடிக்கு 10 லிட்டர் என்றால் 200 லிட்டர் பீப்பாய் 20 விநாடியில் நிறையும். இந்த வேகத்தில் ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் நீர் கட்ட ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும். வாய்க்காலில் ஊறி வீணாகும் நீர் தனி.

கிணற்றின் ஊற்றையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நீரை வற்றவைத்துவிட்டு, ஊறும்வரை காத்திருக்கும் பெரிய என்ஜினால் பயனில்லை. குறைந்த பளுவில் ஓடும் பெரிய என்ஜின், ஏற்றும் நீருக்கு அதிக டீசலைக் குடிக்கும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்கவும். உதிரி பாகங்களும் பழுது பார்ப்பவரும் அருகிலுள்ள ஊரிலேயே கிடைப்பது அவசியம். சாகுபடி நேரத்தில் என்ஜின் நான்கு நாள் நின்றால் பயிர் காத்திருக்காது.

குழாயும் புட்வால்வும்

பம்பு நீர்மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் உயரத்தில் இருந்தால் உறிஞ்சும் திறன் குறையும். குழாய் சிறுத்தாலும் வளைவுகள் கூடினாலும் உராய்வு அதிகமாகும். அதற்கும் டீசல்தான் செலவு. புட்வால்வின் சல்லடையில் பாசியும் சருகும் அடையாமல் பார்க்க வேண்டும். நீர் வெளியேறும் குழாயைத் தேவைக்கு மேல் உயர்த்தி, அருவி போல் விழச் செய்வது வீண். நீர் எவ்வளவு உயரத்தில் வேண்டுமோ அந்த அளவுக்கு மட்டும் குழாய் இருந்தால் போதும்.

பெல்ட் தளர்ந்தால் நழுவும். மிக இறுகினால் பேரிங் தேயும். பம்பும் என்ஜினும் நேராக இணைந்த செட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அன்றாடக் கவனிப்பு

தினமும் ஓட்டுமுன் மசகு எண்ணெயின் அளவைக் கம்பியால் பார்க்கவும். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் எண்ணெயை மாற்றவும். புது என்ஜினுக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வரும். புழுதிக் காலத்தில் ஏர் கிளீனரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். புழுதி உள்ளே போனால் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்துவிடும்.

டீசலைத் தெளியவைத்து, வடிகட்டி ஊற்றவும். டேங்கிலோ குழாயிலோ கசிவு இருந்தால் அன்றே அடைக்கவும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாள் முழுதும் ஒழுகினால் 4 லிட்டருக்கு மேல் மண்ணில் போய்விடும்.

என்ஜினைக் குளிர வைக்கும் நீரை அளவாக விட வேண்டும். வெளிவரும் நீர் 60 டிகிரி அளவில், தொட்டவுடன் கையை எடுக்கத் தோன்றும் சூட்டில் இருப்பது நல்லது. நீரை அதிகம் பாய்ச்சி என்ஜினை ஜில்லென்று வைத்தால் டீசல் சரியாக எரியாது.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் பளு அதிகம், அல்லது நாசிலிலோ ஏர் கிளீனரிலோ கோளாறு. நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது நீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

கிணற்றுக்குள் என்ஜின் வேண்டாம்

நீர்மட்டம் இறங்கும் கோடையில் சிலர் என்ஜினையே கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத கிணற்றில் அது தங்கிவிடும். முதலில் தலைவலியும் மயக்கமும் வரும். பிறகு மேலே ஏறக்கூடத் தெம்பு இராது. புகைக் குழாயை நீட்டி மேலே விட்டாலும், இணைப்பில் கசிவு இருந்தால் ஆபத்து நீங்காது. பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின்களில் இந்த வாயு இன்னும் அதிகம்.

நீர்மட்டம் ஆழமானால் பம்பை மட்டும் கீழே இறக்கி, நீண்ட பெல்ட் மூலம் மேலிருந்து ஓட்டலாம். அல்லது ஆழத்துக்கேற்ற வேறு வகைப் பம்பை அமைக்கலாம். என்ஜின் கொட்டகையிலும் எதிரெதிர் ஜன்னல் வைத்து, புகைக் குழாயைச் சுவருக்கு வெளியே விட வேண்டும்.

கிணற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற என்று அடுத்தவர் உடனே இறங்கக் கூடாது. அவரும் அதே காற்றையே சுவாசிப்பார். மேலிருந்தே என்ஜினை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு, 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மாதம் ஒரு முறை டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் ஓட்டவும். மறுபடி நிரப்ப எவ்வளவு டீசல் பிடிக்கிறது என்று அளக்கவும். அதே நாளில் பீப்பாய் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்றும் பார்த்து, இரண்டையும் நீர்மட்டத்துடன் நோட்டில் எழுதி வைக்கவும். நீர்மட்டம் மாறாமல் டீசல் கூடினாலோ நீர் குறைந்தாலோ, புட்வால்வு, பெல்ட், ஏர் கிளீனர், நாசில் என்ற வரிசையில் சோதிக்கவும். பெரும்பாலான கோளாறுகள் சிறு செலவிலேயே தீர்ந்துவிடும்.