பின் பொருந்தினால் போதுமா?

(அறிவியல் பகுதி)



கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை ஊருக்கு வந்திருந்தாங்க. அவங்க லேப்டாப் சார்ஜரில் பின்கள் தட்டையா இருந்தன. நம்ம வீட்டுப் பிளக் பாயிண்டிலோ உருண்டை ஓட்டைகள். கடைத்தெருவில் ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினோம். நல்லா சார்ஜ் ஏறியது.

அப்பத்தாவின் முழங்கால் வலிக்காக அத்தை ஒரு ஒத்தடப் பட்டையும் கொண்டு வந்திருந்தாங்க. கரண்டில் சூடாகும் துணிப்பட்டை அது. "லேப்டாப்புக்கு வேலை செஞ்ச அடாப்டர்தானே" என்று நான்தான் அதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "ஐயோ, சுடுதுடி!" என்று அப்பத்தா தூக்கி எறிஞ்சாங்க. அத்தை ஓடி வந்து சுவிட்சை அணைச்சாங்க. துணி கருகிய வாசனை. முழங்காலில் தோல் சிவந்துபோச்சு. அப்பத்தா தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஒரே அடாப்டர்தான். சார்ஜர் தப்பித்தது, பட்டை கருகியது. ஏன்? பள்ளி திறந்ததும் அறிவியல் சாரிடம் கேட்டேன். "பொருளைத் திருப்பி, அதில் எழுதியிருப்பதைப் படிச்சியா?" என்றார். வீட்டுக்குப் போய்ப் படித்தேன்.

சார்ஜரில்: 100-240 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ்.
பட்டையில்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 50 வாட்.

விடை இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். சாதாரண அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட்டை மாற்றாது.

230 என்பது 120-ஐப் போல் சுமார் 1.9 மடங்கு. ஆனால் சூடு 1.9 மடங்கு ஏறாது. வோல்ட் கூடினால் மின்னோட்டமும் கூடும். அதனால் 1.9 × 1.9, அதாவது சுமார் 3.6 மடங்குக்கு மேல் ஏறும். 50 வாட் பட்டை 180 வாட்டுக்கு மேல் இழுத்திருக்கிறது!

சார்ஜர் எப்படித் தப்பித்தது? அது முதலில் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது. பிறகு உள்ளே ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல ஆயிரம் முறை அணைந்து அணைந்து எரிகிறது. வோல்ட் அதிகமானால் அது எரியும் நேரம் குறையும். அதனால் வெளியே வருவது 19 வோல்ட் என்றால் எந்த நாட்டிலும் அதே 19 வோல்ட்தான்.

சில நாடுகளின் மின்சாரம்:

இந்தியா: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், உருண்டைப் பின்.
சிங்கப்பூர், இங்கிலாந்து: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், செவ்வகமான மூன்று பின்.
அமெரிக்கா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டைப் பின்.
ஜப்பான்: 100 வோல்ட், தட்டைப் பின். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ்!

நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் போகும் அண்ணன்மாருக்குப் பின் மட்டும்தான் பிரச்சினை. அமெரிக்கா, ஜப்பான் போனால் வோல்ட்டும் பார்க்கணும்.

நினைவில் வையுங்கள்:

1. வெளிநாட்டுப் பொருளை மாட்டும் முன் அதில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.
2. 100-240 என்று இருந்தால் அடாப்டர் போதும்.
3. 120 மட்டும் இருந்தால் அடாப்டர் போதாது. 230-ஐ 120 ஆகக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அதன் வாட், பொருளின் வாட்டைவிட அதிகமாக இருக்கணும்.
4. மூன்று பின் உள்ள பொருளை இரண்டு பின் அடாப்டரில் மாட்டாதீர்கள். மூன்றாவது பின் எர்த். அது நம் உயிரைக் காப்பது.

அப்பத்தா காலில் இப்போது தழும்புகூட இல்லை. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எதை மாட்டப் போனாலும், "எழுத்தைப் பாத்தியாடி?" என்று கேட்கிறாங்க. நீங்களும் பாருங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி