ஜன்னலில் தொங்கும் தும்மல்!

“டாக்டர், நீங்க குடுக்கிற மருந்தைச் சாப்பிட்டா நாலு நாள் நல்லா இருக்கான். அஞ்சாம் நாள் ராத்திரி மறுபடியும் இழுப்பு வந்துருது...”

மதுரையில் என் மருத்துவ அறைக்கு ஒன்பது வயது மகனை அழைத்து வந்த ஒரு தாயின் புலம்பல் இது. மருந்தும் சரி, பத்தியமும் சரி. பிறகு எங்கே தப்பு?

“தம்பி எங்கம்மா உட்கார்ந்து படிக்கிறான்?”

“ஜன்னலோரம்தான் டாக்டர். கட்டிலும் அங்கதான் இருக்கு.”

“ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கீங்களா?”

“வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ் போட்டிருக்கோம். வீடு குடி போனப்ப மாட்டினது. ஆறு வருஷம் ஆச்சு.”

“எப்ப கழுவினீங்க?”

அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். “அதை எப்படி டாக்டர் கழுவுறது?”

அன்றிரவு வீட்டுக்குக் கிளம்பும்போது என் அறையிலேயே தொங்கிக்கொண்டிருந்த பிளைண்ட்ஸை விரலால் தடவிப் பார்த்தேன். விரல் கறுத்துப்போனது. ஊருக்கு உபதேசம் செய்பவன் நான்! அந்தப் பட்டைகளுக்குக் கீழேதான் இழுப்பு நோயாளிகளை உட்கார வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் மறந்துபோகிறது?

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் கோரைத் தட்டி, மூங்கில் தட்டி, துணித் திரைதான். போகிக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றித் தட்டி, துவைத்து, வெயிலில் காயப் போட்டுவிடுவார்கள். பிளைண்ட்ஸோ சுவரோடு சேர்ந்த சாமான் மாதிரி நிரந்தரமாகத் தெரிகிறது. கழற்றவே முடியாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாகக் கழன்று வரும்.

மதுரைத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மண்ணை வாரி அடிக்கிறது. தோண்டிய தெருக்கள், வாகனப் புகை, காய்ந்து கிடக்கும் வைகை மணல்... ஜன்னல் வழியாக வரும் எதையும் முதலில் வாங்கிக்கொள்வது இந்தப் பட்டைகள்தான். கயிற்றை இழுத்துத் திருப்பும்போதெல்லாம் அது அறைக்குள் உதிர்கிறது.

தூசியில் என்ன இருக்கிறது?

மண் மட்டுமல்ல. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், துணி நூல், பூஞ்சை வித்து, கரப்பான் கழிவு எல்லாமே உண்டு. தோல் துகளைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுண்ணிதான் பலருக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்புகிறது என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபூர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் கண்டறிந்தார்கள். சிற்றுண்ணிக்கு முக்கிய இருப்பிடம் மெத்தையும் தலையணையும்தான். அதனால் பிளைண்ட்ஸை மட்டும் கழுவிவிட்டுத் தலையணை உறையை மறந்துவிடாதீர்கள். உறைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் சுவாசகாசத்துக்கு ஆடாதொடை, தூதுவளை, தாளிசாதி சூரணம் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கையால் கஷாயம் கொடுத்து, மறு கையால் தூசியை ஊட்டினால் மருந்து என்ன செய்யும்?

வாரம் ஒருமுறை

* நோயாளியும் குழந்தைகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். கட்டிலைப் பழைய போர்வையால் மூடுங்கள். சுத்தம் செய்பவர் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

* பட்டைகளைத் திருப்பி மூடினால் ஒரே சுவர் போல நிற்கும். மென்மையான பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரால் மேலிருந்து கீழாக இழுங்கள். அது இல்லாதவர்கள் பழைய பனியன் துணியால் மெதுவாகத் துடைக்கலாம். பிறகு பட்டைகளைத் திருப்பி மறுபக்கம்.

* துடைப்பத்தால் தட்டாதீர்கள். தூசி போகாது, இடம்தான் மாறும்.

* துணிப் பட்டையில் எடுத்த எடுப்பில் ஈரத்துணி வைத்தால் தூசி சேறாகிக் கறை பிடிக்கும். முதலில் உலர்ந்த துணிதான். பிளாஸ்டிக் பட்டையை அதன்பின் ஈரத்துணியால் துடைக்கலாம்.

* கடைசியில் தரையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையை உள்ளே விடுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை

ஆடிக்காற்று ஓய்ந்த பின் ஆவணியில் ஒருமுறை, போகிக்கு முன் ஒருமுறை முழுதாகக் கழற்றிக் கழுவுங்கள்.

1. பட்டைகளைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். அடியில் கோத்திருக்கும் சங்கிலியைக் கழற்றுங்கள்.

2. பட்டையை லேசாக மேலே தூக்கி, கொக்கியின் நுனியை விலக்கினால் இறங்கிவிடும். அடம்பிடித்தால் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடுக்கில் செருகி விலக்குங்கள். பலமாக இழுத்தால் கொக்கி முறிந்துவிடும்.

3. மேல் ஓரத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். அடிப்பையில் இருக்கும் எடைத்தகட்டை உருவிவிடுங்கள். இரும்புத் தகடாக இருந்தால் துரு இறங்கித் துணி பாழாகும்.

4. தளர்வாகச் சுருட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது மென்மையான சோப்புத் திரவம் கலந்து 15, 20 நிமிடம் ஊற வையுங்கள். தேய்க்க வேண்டாம், பிழிய வேண்டாம், மடிக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் வாஷிங் மெஷினும் ஆகாது.

5. நம் ஊரில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் வெள்ளைத் திட்டுப் படியும். கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

6. நிழலில் தொங்கவிட்டு நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உச்சி வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், பிளாஸ்டிக் வளையும்.

எல்லாப் பட்டையையும் ஊற வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பின்பக்கம் பூச்சுப் பூசியதும், கஞ்சி போட்டது போல விறைப்பாக இருப்பதும் தண்ணீரில் கெட்டுவிடலாம். ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டையைச் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

மேலே பட்டைகள் ஓடும் தடத்தையும் துடையுங்கள். ஓட்டம் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள் சிலர். வேண்டாம். தூசி பிசினாக ஒட்டிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் போதும்.

மறக்கக் கூடாதவை

மழைக்காலம்: ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலை நாள் முழுக்க மூடியே வைத்தால் பட்டையில் கறுப்புப் புள்ளி விழும். அது பூஞ்சை. இழுப்பைக் கிளப்பிவிடும். கழுவியும் போகாத துணிப் பட்டையைத் தூக்கி எறிவதே மேல்.

சாம்பிராணி: ‘பிளைண்ட்ஸில் பூச்சி, நாற்றம்’ என்று புகை போடுகிறார்கள். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன், இழுப்பு உள்ள வீட்டில் புகை வேண்டாம். மூச்சுக்குழல் இன்னும் சுருங்கும்.

பழைய பிளாஸ்டிக்: 1996-ல் அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அந்நாட்டில் இறக்குமதியான சிலவகை வினைல் பிளைண்ட்ஸ் வெயிலிலும் வெப்பத்திலும் சிதைந்து, ஈயம் கலந்த தூசி மேலே படிகிறது என்று கண்டார்கள். அவை குறுக்குப் பட்டைகள்தான். என்றாலும் நம் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும் பழைய பிளாஸ்டிக் பட்டையைக் குழந்தை இருக்கும் வீட்டில் வைத்திருக்க வேண்டாமே!

கயிறு: தொங்கும் கயிறும் மணிச் சங்கிலியும் சிறு குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடக் கூடியவை. எட்டாத உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

இன்ஹேலர்: ‘வீடு சுத்தமாயிருச்சு, இனி இன்ஹேலர் எதுக்கு?’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த மருத்துவர்தான் குறைக்க வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அப்பாவும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளைண்ட்ஸைக் கழற்றினார்கள். முதல் தொட்டித் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்ததாம்! கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். தலையணை உறைகள் வெந்நீருக்குப் போயின. இழுப்பு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் தவறாமல் வந்தது, அடுத்த இரண்டு மாதத்தில் ஒரே முறைதான் வந்தது. மருந்து இன்னும் தொடர்கிறது.

என் அறைப் பிளைண்ட்ஸையும் அதே வாரம் நானே கழற்றிக் கழுவினேன். பதினெட்டுப் பட்டைகள், அரை நாள் வேலை. நீங்களும் இன்று ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உங்கள் வீட்டுப் பட்டை ஒன்றைத் துடைத்துப் பாருங்கள். கைக்குட்டை கறுத்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் வேலை இருக்கிறது!