தெரிந்த பாதியை எழுது, கண்ணு

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, ஸ்டியரிங்கை விட்ட பிறகுதான் பைனாகுலரைப் பிடித்தேன். மார்கழி பிறந்தால் நாமக்கல் தூசூர் ஏரிக்கரைக்குப் புதிதாக நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, இந்தப் பனி எப்போ விலகும்?" அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பனி விலகட்டும் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருக்காதே. மேகமில்லாத ராத்திரியில் தரை சூட்டை விட்டுவிடும், ஏரியின் ஈரம் தண்ணீர்மேல் அப்படியே படுத்துக்கொள்ளும். வெயில் ஏறி அது கலைய எட்டு, எட்டரை ஆகும். ராத்தங்கிய கொக்குகள் அதற்குள் காட்டுக்கும் வயலுக்கும் கிளம்பிப் போயிருக்கும். நீ வரும்போது வெளிச்சம் இருக்கும், பறவை இருக்காது.

2. முதலில் காதைத் திற. சேந்தமங்கலம் போகிற வழியில் ஒரு பாடி கட்டும் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தகடு தட்டுகிற சத்தம், மேலே அரசமரத்திலும் அதே மாதிரி 'டொக், டொக், டொக்'. பட்டறைக்காரர் டீ குடிக்க வெளியே வந்த பிறகும் மரத்துச் சத்தம் நிற்கவில்லை. அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, பச்சை உடம்பு, இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே படாது. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் வண்டி நிறுத்தியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பனிக்குள் நின்றால் அதன் பங்காளி சின்னக் குக்குறுவான் 'குட்ரூ குட்ரூ' என்று கூப்பிடும். அங்கே கண்ணைவிடக் காதுதான் உதவும்.

3. நிறத்தை நம்பாதே, நடையைப் பார். பனியில் எல்லாப் பறவையும் சாம்பல்தான். கோழிக்குப் பேர்போன ஊர் நம்முடையது. நம் ஏரியிலும் ஒரு கோழி உண்டு, பேர் நாமக்கோழி. கருப்பு உடம்பு, நெற்றியில் நாமம் போட்ட மாதிரி வெள்ளைத் தகடு. அந்த நாமம் பனியில் தெரியவே தெரியாது. ஆனால் நீந்தும்போது ஒவ்வொரு உதைப்புக்கும் தலையை முன்னும் பின்னும் ஆட்டும். வாத்து அப்படி ஆட்டாது, இழுத்துவிட்ட பரிசல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கிளம்பும்போது இன்னும் சுலபம். புள்ளிமூக்கு வாத்து சடாரென்று எழும்பிவிடும். நாமக்கோழி தண்ணீர்மேலேயே தபதபவென்று ஓடி, லோடு ஏற்றிய வண்டி மேட்டில் திணறுகிற மாதிரிதான் மேலே ஏறும். தாழைக்கோழி வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும். நீர்க்காகம் முதுகு மட்டும் தெரிய நீந்தும், பாம்புத்தாராவுக்குக் கழுத்து மட்டும்தான் வெளியே நிற்கும். முக்குளிப்பான் இருந்த இடத்திலேயே காணாமல் போகும். இந்த ஆறையும் ஒரு மாசம் பார். அதுவரை அபூர்வப் பறவை எதையும் தேடிப் போகாதே.

4. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுது. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிற காலத்தில் உப்பு லோடுக்கு வேதாரண்யம் போவேன். கோடியக்கரைப் பக்கச் சதுப்பில் பூநாரைக் கூட்டம் நிற்கும், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அலசும். அது மனசிலேயே தங்கிவிட்டது. பைனாகுலர் வாங்கிய முதல் மார்கழியில், தூசூரில் பனிக்குள் ஆறு உயரமான உருவம், வெளிறிய உடம்பு, வால்பக்கம் லேசாக ரோஸ். நோட்டில் 'பூநாரை 6' என்று எழுதிப் போனும் போட்டுவிட்டேன். சேலத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் பறந்து வந்தார்கள். எட்டேகாலுக்குப் பனி கலைந்தது. ஆறும் மஞ்சள்மூக்கு நாரை. அவர்கள் சிரிக்காமல் டீ வாங்கிக் கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது. நான் அன்றைக்குப் பார்த்தது நின்ற உருவத்தை மட்டும், அலகை எப்படித் தண்ணீரில் விடுகிறது என்று பார்க்கவே இல்லை. நாரை அலகைக் கொஞ்சம் திறந்து நேராக விட்டுத் துழாவும், பூநாரை மாதிரி கவிழ்க்காது. 'பெரிய நாரை, இனம் தெரியவில்லை, 6' என்று எழுதியிருந்தால் அது உண்மையான பதிவு.

5. 'நிறைய' என்று எழுதாதே. மூட்டை ஏற்றும்போது ஒவ்வொன்றாகவா எண்ணுகிறோம்? ஒரு வரிசையை எண்ணி, எத்தனை வரிசை என்று பெருக்குகிறோம். நீலச்சிறகிக் கூட்டத்தையும் அப்படியே எண்ணு. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு மிச்சத்தை அளந்துவிடு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

6. தேதி, நேரம், இடம் மூன்றையும் நின்ற இடத்திலேயே எழுது, வீட்டுக்கு வந்து எழுதாதே. பென்சிலால் எழுது. பேனா மை பனியில் ஊறிவிடும்.

நின்ற இடத்திலேயே எழுத வேண்டும் என்பதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு திமிங்கிலக் கூட்டம். நாமக்கல்காரனுக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். 2016 ஜனவரி இரண்டாம் வாரம் தூத்துக்குடியில் லோடுக்குக் காத்துக்கிடந்தேன். திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு பக்கம் திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறது என்றார்கள், கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். உருண்டைத் தலை, கருப்பு உடம்பு, கரையெல்லாம் கிடந்தன. எண்பதுக்கும் மேல் என்று அப்புறம் கணக்கு வந்தது. மீனவர்கள் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டும் சில திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத ஜாதி அது. பக்கத்தில் நின்றவர், இப்படி நடந்ததே இல்லை என்றார். நானும் நம்பினேன். ஆனால் 1973 ஜனவரியில் இதே கடற்கரையில் இதே வகைத் திமிங்கிலங்கள் 147 ஒதுங்கியதை அன்றைக்கே எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்று வருஷத்தில் ஊர் மறந்துவிட்டது, தாள் மறக்கவில்லை. நான் அங்கே அரைநாள் நின்றேன். எத்தனை மணி, எத்தனை உயிரோடு என்று ஒரு வரிகூட என் ட்ரிப் நோட்டில் இல்லை. டீசல் கணக்கு மட்டும் இருக்கிறது.

7. பைனாகுலர் 8×42 போதும். பெரிசாக வாங்கினால் கை ஆடும், பனியும் சேர்ந்து பெரிசாகத்தான் தெரியும். கண்ணாடியை வேட்டி முனையில் துடைக்காதே.

8. போனில் பறவைச் சத்தம் போட்டு வரவழைக்காதே. கூட்டைக் கண்டால் போட்டோ எடுக்காமல் நகர்ந்துவிடு, உன் பின்னாலேயே காக்கா வரும்.

9. எழுதியதை இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்று. இனம் தெரியாத வாத்து என்று பதியவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள், வெட்கப்படாதே. அபூர்வமாக எதையாவது போட்டால் சரிபார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். கோபப்படாமல் பார்த்ததைச் சொல். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று எண்ணினால் போதும். காக்கா, மைனா, மடையான் என்று தினம் பார்ப்பதையும் விடாமல் எழுது. சிட்டுக்குருவியை ஒரு காலத்தில் யாரும் எண்ணவில்லை, குறைந்துவிட்டதா என்று இப்போது ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள்.

10. பனி விலகியதும் பையைத் தூக்காதே. அதே இடத்தில் நின்று இன்னொரு தடவை எண்ணு, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. போன வாரம் பனியில் எனக்குக் கிடைத்தது 23 நாமக்கோழி. வெயில் வந்த பிறகு 61. முதல் கணக்கை அடிக்கவில்லை.

பொங்கல் அன்றைக்கு ஆறரைக்கு மதகுப் பக்கம் இருப்பேன். டீ என் கணக்கு. பென்சில் எடுத்து வா.