மனத்தாலும் தட்டச்சுப் பழகலாம்

சங்கரன்கோவிலில் தட்டச்சு வகுப்புக்குச் செல்லும் மாணவிக்குப் பெரும்பாலும் நாளுக்கு ஒரு மணி நேரமே பொறி கிடைக்கும். வீட்டில் பொறி ஏது? இளநிலைத் தேர்விலோ நிமிடத்திற்கு 30 சொற்கள் அடித்தாக வேண்டும். எஞ்சிய நேரத்தில் மனத்தால் பழகினால் பயன் உண்டா?

உண்டு என்கிறது அறிவியல். 1995-இல் பாஸ்குவல்-லியோன் என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர், பியானோ வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஐவிரல் பயிற்சி ஒன்றைக் கற்பித்தனர். ஒரு பிரிவினர் 5 நாட்கள், நாளுக்கு 2 மணி நேரம் வாசித்தனர். இன்னொரு பிரிவினர் அதே நேரம் விரலை அசைக்காமல், வாசிப்பதாக நினைத்துக்கொண்டே அமர்ந்திருந்தனர். என்ன வியப்பு! இரு பிரிவினருக்கும் மூளையில் விரல்களை இயக்கும் பகுதி விரிந்திருந்தது. ஆயினும் திறமையில், நினைத்தவர்கள் 5 நாளில் எட்டியது வாசித்தவர்களின் மூன்றாம் நாள் நிலையைத்தான். பின்பு ஒரே ஒரு முறை 2 மணி நேரம் வாசித்ததும் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டனர்.

தோழியரே, விரல் வைக்கும் முறையை முதலில் ஆசிரியரிடம் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். தவறான விரலை நினைத்தால் தவறே படியும். பிறகு கண்ணை மூடி, இடது சுண்டுவிரலில் 'ஏ', மோதிர விரலில் 'எஸ்' என்று மெதுவாக நினைத்துச் செல்லுங்கள். விசை அழுந்துவதை உணருங்கள். வரி முடியுமுன் ஒலிக்குமே மணி, அதையும் கேட்கலாம்!