ஆறு புள்ளியில் எழுதப் பழக்குவோம்

பார்வையற்ற தம்பி தங்கைகளுக்கு உதவணும் என்றால் நம்மில் பலர் முதலில் செய்வது, பாடத்தைப் படித்துக் காட்டுவதுதான். நல்ல உதவிதான். ஆனால் காதால் கேட்டால் மட்டும் எழுத்து வராது. 'பனி', 'பணி' இரண்டையும் பேச்சில் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். வித்தியாசம் தெரிய, விரலால் தொட்டுப் படிக்கணும், சொந்தக் கையால் எழுதணும். அதற்குத்தான் பிரெய்ல்.

லூயிஸ் பிரெய்ல் 1824-இல், தம் 15-ஆவது வயதில் இதை உருவாக்கினார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒவ்வொரு இடத்திலும் புள்ளி இருக்கும், அல்லது இருக்காது. வெற்றிடத்தையும் சேர்த்து மொத்தம் 64 வடிவம். தமிழ், மலாய், கணிதம் எல்லாமே இதில் அடங்கும்.

தொண்டுக்குப் போகும்போது இந்த நான்கு பயிற்சிகளைச் செய்து பாருங்கள்.

1. விரல் பலம்: மாவு பிசைதல், துணி கிளிப்பை ஒவ்வொரு விரலாலும் அழுத்தித் திறத்தல். ஐந்து நிமிடம் போதும்.

2. முட்டைத் தட்டு: ஆறு குழி உள்ள தட்டில் பிங்பாங் பந்துகளை வைக்கச் சொல்லுங்கள். 'அ' என்றால் புள்ளி 1. 'க' என்றால் 1, 3. 'ம' என்றால் 1, 3, 4.

3. மேசைத் தாளம்: பெர்கின்ஸ் பிரெய்ல் இயந்திரத்தில் ஆறு விசைகள். இடக்கை ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3. வலக்கையில் அதே வரிசையில் 4, 5, 6. இயந்திரம் இல்லையா? மேசையில் தட்டிப் பழகலாம். ஓர் எழுத்தின் புள்ளிகளை ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் முக்கியம்.

4. சிலேட்: இதில் தாளின் பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதணும். புள்ளிகளும் பக்கம் மாறும். மாற்றாமல் குத்தினால் ஆங்கில 'இ' எழுத்து (1, 5), திருப்பிப் படிக்கும்போது 'ஐ' (2, 4) ஆகிவிடும்! அதனால் இடம், வலம் என்று சொல்லாமல் 'முதல் பக்கம்', 'இரண்டாம் பக்கம்' என்று சொல்லிக் கொடுங்கள். குழப்பம் குறையும்.

எழுத்து பழகியதும் தன் பெயர், கடைச் சாமான் பட்டியல், நண்பனுக்கு ஒரு கடிதம் என்று பயனுள்ளதை எழுதட்டும். எழுதியதை அவரே தடவிப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கட்டும். கேட்காமல் கையைப் பிடிக்காதீர்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் எழுதவும் வேண்டாம். மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அது அவர் எழுத்து.

இந்த வாரம் உங்கள் பெயரையும் ஆறு புள்ளியில் எழுதிப் பாருங்களேன். சொல்லிக் கொடுக்கப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ளணும் இல்லையா?