ஷாப்ட் நின்ற பிறகு கை வையுங்கள்

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் மாவட்டம் உள்ளது. அங்கே திராட்சைத் தோட்டங்கள் அதிகம். கொடி வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் போக முடியாது. அதனால் சிறிய டிராக்டரை ஓட்டுகிறார்கள். அதன் பின்னால் மருந்து தெளிக்கும் இயந்திரத்தை மாட்டுகிறார்கள்.

டிராக்டரின் சக்தி அந்த இயந்திரத்துக்கு எப்படிப் போகிறது? இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புத் தண்டு சுழல்கிறது. இதைப் பி.டி.ஓ. ஷாப்ட் என்பார்கள். இதுதான் மருந்து பம்பை ஓட்டுகிறது.

டிராக்டர் திரும்பும்போது ஷாப்டும் மடங்க வேண்டும். அதற்காக இரு முனைகளிலும் மூட்டு உண்டு. மூட்டின் நடுவே சிலுவை போன்ற இரும்புத் துண்டு இருக்கும். இதன் பெயர் கிராஸ். கிராஸின் நான்கு முனைகளிலும் சிறு கிண்ணங்கள் உண்டு. கிண்ணத்துக்குள் ஊசி போன்ற உருளைகள் இருக்கும். கிரீஸ் வற்றினால் அவை தேய்ந்துவிடும்.

ஒரு தோட்டத்தில் மருந்து தெளிக்கும்போது ஷாப்டில் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. விவசாயி இறங்கினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஷாப்டின் அருகே குனிந்தார்.

"குனியாதீங்க! தோளில் துண்டு தொங்குது. முதல்ல என்ஜினை நிறுத்துங்க!" என்று அவர் மனைவி கத்தினார்.

விவசாயி உடனே நிறுத்தினார். பிறகு மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

"அண்ணா, ஷாப்டுக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் உறை எங்கே?" என்று மெக்கானிக் கேட்டார்.

"கிரீஸ் போட இடைஞ்சலா இருந்தது. கழற்றிப் போட்டுட்டேன்."

"ஒரு கணக்குப் போடுவோம். இந்த ஷாப்ட் நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அப்படியானால் நொடிக்கு 9 சுற்று. மூட்டின் சுற்றளவு சுமார் 30 சென்டிமீட்டர். துணி மாட்டினால் ஒரு நொடியில் எவ்வளவு இழுக்கும்?"

"270 சென்டிமீட்டர்!" என்றார் மனைவி.

"ஆமாம் அக்கா. முழுத் துண்டும் ஒரு நொடிக்குள் போய்விடும். கூடவே கையும் போகும். உயிரும் போகலாம்."

விவசாயி பேசவில்லை. துண்டை எடுத்துத் தள்ளி வைத்தார்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார்.

1. என்ஜின் நின்றதா என்று பார்த்தார். சாவியை எடுத்துத் தன் பையில் வைத்தார். பி.டி.ஓ. நெம்புகோலை விடுவித்தார்.

2. இரு முனைகளிலும் லாக்கை அழுத்தி ஷாப்டைக் கழற்றினார். மூட்டை ஆட்டிப் பார்த்தார். ஒரு முனையில் கிராஸ் ஆடியது.

3. லாக் வளையங்களை எடுத்தார். கிண்ணங்களைத் தட்டி வெளியேற்றினார். பழைய கிராஸைக் கடைக்குக் கொண்டு போனார். அதே அளவில் புதியது வாங்கினார்.

4. புதிய கிராஸை மாட்டினார். உள்ளே ஓர் ஊசி உருளையும் சாயாமல் பார்த்துக்கொண்டார். லாக் வளையங்களைப் பள்ளத்தில் சரியாகப் பொருத்தினார். மூட்டு இறுக்கம் இல்லாமல் மடங்கியது. பிறகு கிரீஸ் அடித்தார்.

5. ஷாப்ட் இரண்டு பாகங்கள் கொண்டது. ஒன்று மற்றொன்றுக்குள் நுழையும். நுழைக்கும்போது நடுவில் உள்ள இரண்டு கவைகளும் ஒரே நேராக இருக்க வேண்டும். மாறினால் ஷாப்ட் அதிரும். புதிய கிராஸும் சீக்கிரம் தேயும்.

6. உறையை மீண்டும் மாட்டினார். உறை சுற்றாமல் இருக்க அதன் சங்கிலியைக் கட்டினார். கடைசியில்தான் சாவியைக் கொடுத்தார்.

நினைவில் வையுங்கள்

ஓடும் ஷாப்டைத் தாண்டக் கூடாது.
துண்டு, முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை ஆபத்து.
குழந்தைகளை அருகில் விடக் கூடாது.
உறை உடைந்தால் புதிய உறை வாங்க வேண்டும். உறைக்குப் பணம் போனால் சம்பாதிக்கலாம். கை போனால் வராது.

பதில் எழுதுங்கள்

1. கிராஸ் ஏன் தேய்கிறது?
2. மெக்கானிக் சாவியை ஏன் தன் பையில் வைத்தார்?
3. உங்கள் ஊரில் உறை இல்லாமல் சுழலும் இயந்திரங்கள் எவை?