திருவண்ணாமலை வீடுகளில் டிரையர்: பாகம் அறிதலும் பராமரிப்பும்

திருவண்ணாமலையில் ‘டிரையர்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களைக் குறிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் சின்னத் தொட்டி. துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறித் தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது, சூடு கிடையாது. இன்னொன்று, சூடான காற்றால் துணியை முழுதாக உலர்த்தும் தனிப் பெட்டி. எண்ணிக்கையில் இது குறைவு. தங்கும் விடுதிகளிலும் மொட்டை மாடி வசதி இல்லாத அடுக்கக வீடுகளிலும் பார்க்கலாம். “டிரையருக்குக் கெபாசிட்டர் வேணும்ணே” என்று சொன்னால் கடைக்காரர் முதல் வகையைத்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே உதிரிபாகம் தேடும் வேலை, எந்த டிரையர் என்று சொல்வதிலிருந்தே தொடங்குகிறது.

பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியை மிஞ்சும் இயந்திரம் எதுவும் இல்லை. டிரையருக்கு வேலை வருவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். வடகிழக்குப் பருவமழையும் தீபத் திருவிழாவும் சேர்ந்தே வரும். வீடு நிறைய உறவினர், 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் நனைந்த துணிகள், வெயிலோ கண்ணிலேயே படாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது போன்ற நாட்களில், ஆண்டு முழுதும் சும்மா கிடந்த இயந்திரத்திடம் ஒரே வாரத்தில் ஓயாத உழைப்பு கேட்கப்படுகிறது. பழுதுகள் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

சுழல் டிரையரின் அமைப்பு எளிது. தொட்டிக்கு நேர் கீழே மோட்டார். தொட்டியின் தண்டை மோட்டாரோடு பிணைக்கும் கப்ளிங். மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகள். பெல்ட் கிடையாது. பெல்ட் இருப்பது துவைக்கும் பக்கத்தில் மட்டுமே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும். அந்த வேகத்தில் சுழலும் தொட்டியைச் சட்டென்று நிறுத்த ஒரு பிரேக் ஷூ உண்டு. மூடியை மூடினால் பிரேக் வயர் இழுபட்டு ஷூ விலகும். திறந்தால் வயர் தளர்ந்து, ஸ்பிரிங் ஷூவை அழுத்தும். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் மூடியோடு இணைந்ததே.

‘உம்’ என்று உறுமிவிட்டுத் தொட்டி சுற்றாமல் நின்றால், “மோட்டார் போயிடுச்சு” என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். பெரும்பாலும் அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது தொட்டிக்கு அடியில் சிக்கிய சாக்ஸோ கைக்குட்டையோ இருக்கிறதா என்பது. துணியின் மேல் அழுத்தி வைக்கும் வட்டமான பிளாஸ்டிக் தட்டைப் பலரும் தொலைத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் ஓட்டினால் சின்னத் துணிகள் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அடுத்தது பிரேக் வயர். அது அறுந்தாலோ நீண்டு தளர்ந்தாலோ, மூடியை மூடினாலும் ஷூ விலகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும் என்பதை மறந்து, தொட்டி இறுகிவிட்டதாக முடிவு கட்டுபவர்கள் உண்டு. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஷூவைக் கையால் விலக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

தொட்டி தாராளமாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் சந்தேகம் கெபாசிட்டர் மேல் விழுகிறது. பல மெஷின்களில் துவைக்கும் மோட்டாருக்கும் டிரையர் மோட்டாருக்கும் ஒரே பெட்டிக்குள் இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். மேலே ‘10+5’ என்பதுபோல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். சிறிய எண் பொதுவாக டிரையருடையது. அலகு மைக்ரோஃபாரட். கூடவே 440 அல்லது 450 வோல்ட் என்ற தாங்குதிறனும் இருக்கும். மைக்ரோஃபாரட் எண் மாறக் கூடாது. வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. பெட்டியின் நிறமும் வடிவமும் ஒரு பொருட்டல்ல. கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்பின் இரு வயர்களை அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டே தொட வேண்டும்.

மோட்டார் உண்மையிலேயே கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு மலிவான ரப்பர். தண்டைச் சுற்றித் தொட்டியின் அடியில் இருக்கும் பெல்லோவை மெக்கானிக்குகள் ‘டிரையர் சீல்’ என்பார்கள். அது கிழிந்தால் சோப்புத் தண்ணீர் நேராக மோட்டார் மேல் சொட்டும். தண்டு துருப்பிடிக்கும், பேரிங் இரைச்சல் போடும். மெஷினுக்கு அடியில் தரை நனைந்திருப்பதைக் கண்டதும் சீலை மாற்றினால் மோட்டார் தப்பும். சீல் வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வந்த மெஷின்களில்கூடச் சீலுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்விட்டம் மாறியிருக்கும். பழைய சீலைக் கையோடு எடுத்துப்போவதே வழி.

சூடான காற்று டிரையரில் பாகங்களும் கூடுதல், ஆபத்தும் கூடுதல். இதில் அடையாளம் காணும் முதல் இடம், கதவைத் திறந்ததும் சட்டத்தின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தகவல் தகடு. முன்பக்கம் பளிச்சென்று எழுதியிருப்பது விற்பனைப் பெயர். உதிரிபாகத்துக்கு அது உதவாது. தகட்டில் உள்ள முழு மாடல் எண், அதன் வால்போல் வரும் சாய்கோட்டுக்குப் பிந்தைய இலக்கம், தொடர் எண் ஆகியவையே தேவை. பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ‘இ-நம்பர்’ என்று குறித்திருப்பது சாய்கோட்டோடு கூடிய இந்த மாடல் எண்ணைத்தான். வாங்கிய அன்றே தகட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், பின்னால் எழுத்து அழிந்தாலும் கவலை இல்லை.

தகட்டுக்கு அடுத்து, பாகத்தின் மேலேயே உள்ள எழுத்து. டிரம்மைச் சுற்றும் நீளமான பெல்ட்டில் ‘1975 எச்7’ என்பதுபோல அச்சிட்டிருந்தால், சுற்றளவு 1,975 மில்லிமீட்டர், பள்ளங்களின் வகை எச், வரிகள் ஏழு என்று பொருள். பழைய பெல்ட்டை நூல் பிடித்து அளந்தால் சரியான எண் கிடைக்காது. அது ஓடி ஓடி நீண்டிருக்கும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் டிரம் சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்திருக்கிறது. டிரம் சுற்றியும் காற்று குளிர்ந்தே வந்தால் ஹீட்டர் அல்லது தெர்மல் ஃபியூஸ். ஹீட்டரின் வாட் தெரிந்தால் அதன் மின்தடையைக் கணக்கிடலாம்: 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால், 2,000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 26 ஓம் வரும். மீட்டர் முள் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது.

தெர்மல் ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான். அது போனதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் பஞ்சு: காற்றுப்பாதை அடைபட்டு உள்ளே சூடு ஏறியிருக்கும். அடைப்பை எடுக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். ஃபியூஸை நேரடியாக இணைத்து ‘டைரக்ட்’ கொடுக்கும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் உண்டு. தீ விபத்துக்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

பருத்தித் துணியிலிருந்து உதிரும் இந்தப் பஞ்சை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் வடிகட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடைப்பும் ஒன்று உண்டு. துணியை மென்மையாக்கும் திரவத்தின் பசை வலையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். வலையில் தண்ணீர் ஊற்றினால் கீழே இறங்க வேண்டும்; தேங்கி நின்றால் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவலாம். காற்றை வெளியே விடும் வகையில் பின்பக்கக் குழாயையும், ஆவியைத் தண்ணீராக்கும் வகையில் கண்டென்சரையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். கழற்றக்கூடிய கண்டென்சரைக் குழாயடியில் அலசிவிடலாம்.

இந்த ஊருக்கென்று ஒரு தொல்லை போர் தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு அதிகம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் படியும். துணியின் ஈரத்தை அறிவது அந்தப் பட்டைகள்தான். படிவு ஏறினால் ஈரத் துணியைக் காய்ந்ததென்று நினைத்து இயந்திரம் நின்றுவிடும். மின்னணுப் பலகை கெட்டுவிட்டது என்று செலவு செய்யும் முன், எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட துணியால் பட்டைகளைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

எண்ணெய் ஊறிய துணியைத் துவைத்த பிறகும் சூடான காற்று டிரையரில் போடக் கூடாது. விளக்கு துடைத்த நல்லெண்ணெய்த் துணி, சமையலறைக் கைத்துணி ஆகியவை சூடாகக் குவிந்து கிடக்கும்போது தாமாகவே மேலும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். பட்டும் ஜரிகையும் கொடிக்கே உரியவை.

2,500 வாட் டிரையர் 230 வோல்ட்டில் 11 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் வயரும் இதற்கு ஆகாது; 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மூன்றும் வேண்டும். பிளக் முள் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. நாளொன்றுக்கு 2 யூனிட் செலவானாலே இரண்டு மாதத்தில் 120 யூனிட். மின்வாரியம் இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் பெரும்பகுதி டிரையருக்கே போய்விடும். முதலில் சுழல் டிரையரில் நன்றாகப் பிழிந்துவிட்டுப் போட்டால் இந்தக் கணக்கு கணிசமாகக் குறையும்.

சும்மா நிற்கும் மாதங்களில் எதிரி எலி. செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருப்பதால் உள்ளே நுழைந்து வயரைக் கடிக்கும். அடியில் கம்பிவலை கட்டுவது அவசியம். மூடியைச் சற்றே திறந்து வைத்தால் ரப்பர் பூஞ்சை பிடிக்காது. டிரையர் பாகங்கள் ஊரில் எப்போதும் கிடைப்பதில்லை. வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க நேரும். புரட்டாசியிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால், கார்த்திகைக்கு முன் பாகம் வந்து சேர அவகாசம் இருக்கும்.